ஹேவர்ட் ஃபீல்ட் நைக்கி கட்டிய கோயிலா? ஒரிகன் பல்கலைக்கழகத் தடகளம் பற்றி ஒரு விவாத இழை

9 ஆகஸ்ட், இரவு 10.15 (தொடங்கிய கேள்வி)

2022 உலக சாம்பியன்ஷிப்பில் நீரஜ் சோப்ரா 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினாரே, அந்த யூஜீன் மைதானத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். அமெரிக்காவில் அத்தனை பெரிய நகரங்கள் இருக்க, இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு காலேஜ் ஊருக்கு உலகப் போட்டி எப்படிப் போனது? நைக்கி முதலாளி படித்த காலேஜ், அவர் கொட்டிய காசு, அதற்குப் ‘பாரம்பரியம்’ என்று ஒரு பேர். இதற்கு மேல் விஷயம் ஏதும் உண்டா?

9 ஆகஸ்ட், இரவு 11.50

பணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி.

பில் ஹேவர்ட் ஒரிகனுக்குக் கோச்சாக வந்தது 1904. அவர் பேரில் மைதானம் திறந்தது 1919, அதுவும் கால்பந்துக்காக (அமெரிக்கக் கால்பந்து). ஓடுதளம் 1921இல்தான் வந்தது: 440 கஜம், 6 லேன், நிலக்கரிச் சாம்பல். பின்னால் வந்த கோச் பில் பவர்மன் தேசியக் கல்லூரிப் பட்டத்தை (என்சிஏஏ) முதலில் வென்றது 1962. அவரும் பழைய மாணவர் ஃபில் நைட்டும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ‘ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்’ ஆரம்பித்தது 1964 ஜனவரி. அந்தக் கம்பெனிக்கு நைக்கி என்ற பேரே 1971இல்தான். பவர்மன் வென்ற நான்கு பட்டங்களும் (1962, 1964, 1965, 1970) அதற்கு முந்தியவை.

கம்பெனி அந்த மைதானத்துக்குப் பிறந்த பிள்ளை. பிள்ளை சம்பாதித்து அப்பாவின் பழைய வீட்டை இடித்து மாளிகை கட்டிவிட்டான். சரியா தப்பா என்பது வேறு விவாதம், அதற்குப் பிறகு வருகிறேன்.

10 ஆகஸ்ட், காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1970 பட்டம் ஒரிகனுக்கு மட்டும் போனதல்ல. பிரிகம் யங், கேன்சஸ், ஒரிகன் மூன்றும் சம புள்ளி எடுத்துப் பகிர்ந்துகொண்டன. ஆகவே மூன்றும் மூன்றில் ஒன்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 ஆகஸ்ட், மதியம் 1.05

“அப்படியானால் பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

முதல் விஷயம், ஆட்கள் மாறவில்லை. ஹேவர்ட் 1904 முதல் 1947 வரை. பவர்மன் 1948இல் வந்து 1972 வரை. பில் டெலிஞ்சர் 1998 வரை. 94 வருடத்தில் நடைமுறையில் மூன்று பேர், மூன்று பேருமே ‘பில்’. பவர்மன் ஹேவர்டிடம் 440 கஜம் ஓடிக் கற்றவர். டெலிஞ்சர் பவர்மனிடம் கற்று 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் வெண்கலம் வாங்கியவர். கர்நாடக சங்கீதத்தில் பாணி என்கிறோமே, அந்த மாதிரி. 1998க்குப் பிறகு கால் நூற்றாண்டில் நான்கு தலைமைக் கோச்கள் வந்துவிட்டார்கள். பட்டங்கள் குறையவில்லை, கூடத்தான் செய்தன. ஆனால் ‘ஒரிகன் முறை’ என்று சொல்லக்கூடிய ஒன்று இப்போது இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்.

ஹேவர்ட் காலத்தை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவர் தயாரித்தவர்களைப் பாருங்கள். டான் கெல்லி 1906இல் 100 கஜத்தை 9.6 விநாடியில் ஓடி உலக சாதனையைத் தொட்டார். 1908 லண்டனில் நீளம் தாண்டுதலில் வெள்ளி. ஜார்ஜ் வாரஃப் 1936இல் கோலூன்றித் தாண்டுதலில் உலக சாதனை. லெஸ் ஸ்டியர்ஸ் 1941இல் உயரம் தாண்டுதலில் 2.11 மீட்டர். 1932 லாஸ் ஏஞ்சலஸ் 5000 மீட்டரில் ரால்ஃப் ஹில்லுக்கும் பின்லாந்தின் லெஹ்டினனுக்கும் ஒரே நேரம், 14:30.0. கடைசி நேர்கோட்டில் ஹில் இரண்டு முறை முந்தப் பார்க்க, லெஹ்டினன் இரண்டு முறையும் குறுக்கே வந்தார். கூட்டம் கூச்சல் போட்டது. தங்கம் லெஹ்டினனுக்குப் போனது. ஹில் புகார் கொடுக்கவில்லை.

10 ஆகஸ்ட், இரவு 9.30

சாம்பல் தடம் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அடியில் கல், அதன்மேல் கரடுமுரடான நிலக்கரிச் சாம்பல் கட்டி, மேலே சலித்த நைஸ் சாம்பல். சாம்பல் தானாகப் பிடித்து நிற்காது என்பதால் களிமண் கலப்பார்கள். வித்தை முழுவதும் அந்தக் கலப்பில்தான். களிமண் கூடினால் மழையில் சேறு, குறைந்தால் வெயிலில் புழுதி. ஸ்பைக் (ஷூ அடியில் இருக்கும் ஆணி) குத்திய இடமெல்லாம் பெயர்ந்து வரும். போட்டிக்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும், கீறிச் சமப்படுத்த வேண்டும், உருளை விட வேண்டும், பிறகு சுண்ணாம்புக் கோடு. நம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் பி.டி. வாத்தியார் படும் பாடு, வருடம் முழுக்க.

எல்லோரும் முதல் லேனில்தான் ஓடுவார்கள். அங்கே ஒரு பள்ளம் விழும், மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் நிற்கும். யூஜீனில் அக்டோபர் தொடங்கி மே வரை மழை. விவரம் தெரிந்தவர் முதல் லேனின் வெளி ஓரமாக ஓடுவார். சுற்றுக்குச் சில மீட்டர் கூடுதலாகும், ஆனால் கால் புதையாது. சாம்பலுக்கு நீள ஸ்பைக் வேண்டும். செயற்கைத் தளத்தில் 6 மில்லிமீட்டர் போதும். சாம்பலில் அதைப் போல இரண்டு மடங்கு. நீள ஸ்பைக் என்றால் கூடுதல் இரும்பு, கூடுதல் எடை. பவர்மன் தன் கையால் ஓட்ட ஷூ தைக்க உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இது.

ஒரிகனின் பேர்பெற்ற ஓட்டக்காரர்கள் ஓட்டிஸ் டேவிஸ், ஹாரி ஜெரோம், டைரோல் பர்லெசன், ப்ரீஃபான்டெய்ன் எல்லோரும் இந்தச் சாம்பலில் வளர்ந்தவர்களே.

11 ஆகஸ்ட், காலை 6.45

மேலே கடைசி வரியில் ப்ரீஃபான்டெய்னைச் சேர்த்தது என் பிழை. 1970இல் ஹேவர்ட் ஃபீல்டுக்கு யுரித்தேன் (ரப்பர் போன்ற செயற்கைப் பொருள்) தளம் வந்துவிட்டது. அவர் பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1969 இலையுதிர்காலத்தில். ஆகவே அங்கே அவர் பேர் வாங்கிய ஓட்டங்கள் செயற்கைத் தளத்தில். பர்லெசன் சாம்பல், ப்ரீ யுரித்தேன். இருவர் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

தளம் மாறியதே தவிர நீளம் மாறவில்லை. 1987வரை அது 440 கஜத் தடம், அதாவது 402.34 மீட்டர். அதில் மைல் என்றால் சரியாக நான்கு சுற்று. 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்றும் கூட 9.34 மீட்டரும், அதனால்தான் இன்றைய மைல் ஓட்டத்தில் முடிவுக் கோட்டுக்கு ஒன்பது மீட்டர் பின்னாலிருந்து கிளப்புகிறார்கள்.

11 ஆகஸ்ட், மாலை 4.10

வாஃபிள் (சதுரக் குழி போட்ட அச்சில் சுடும் அப்பம்) கதையைக் கேட்காமல் விடமாட்டீர்கள், தெரியும்.

சாம்பல் போய் யுரித்தேன் வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. இரும்பு ஸ்பைக் புதுத் தளத்தைக் கிழிக்கும், தட்டையான ரப்பர் அடி வழுக்கும். ஸ்பைக் இல்லாமல் பிடிமானம் வேண்டும். 1971இல் ஒரு காலைச் சாப்பாட்டில் மனைவி பார்பரா வாஃபிள் சுட்டுக்கொண்டிருக்க, அந்தச் சதுரக் குழிகளைத் தலைகீழாகத் திருப்பினால் சதுரக் குமிழ்கள் ஆயிற்றே என்று பவர்மனுக்குத் தோன்றியது. யுரித்தேனைக் கலந்து நேராக வாஃபிள் அச்சில் ஊற்றிவிட்டார்.

எண்ணெய் தடவாத பணியாரக் கல்லில் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒட்டாமலிருக்க எதுவும் பூசவில்லை. அச்சு மூடினது மூடினதுதான், திறக்கவே இல்லை. பிறகு வேறு அச்சுகள் வாங்கிப் பல வழிகளில் முயன்றார். பாழான முதல் அச்சைப் பல வருடம் கழித்து அவர் வீட்டுக் குப்பைக் குழியிலிருந்து குடும்பத்தார் தோண்டி எடுத்தார்கள்.

பலர் அறியாத ஒன்று: 1974இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பில் ஓட்டக் காலணி என்ற பேச்சே இல்லை. ‘செயற்கைப் புல்தரைக்கான விளையாட்டுக் காலணி’ என்றுதான் இருக்கிறது.

11 ஆகஸ்ட், மாலை 5.00

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பவர்மன் வீரர்களிடம் அடிக்கடி போட்டுக் காட்டியது. காலடிக்கு 6 அடி நீளம், மைலுக்கு 880 காலடி. ஷூவில் ஒரு அவுன்ஸ் (28.35 கிராம்) குறைத்தால் 880 அவுன்ஸ், அதாவது 55 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைத் தூக்காமல் ஓடுவது போல.

11 ஆகஸ்ட், இரவு 11.20

யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சொல்லுக்கு அழகு, இயற்பியலுக்கு அரைகுறை. தூக்கிய எடையைக் கூட்டினால் செலவான சக்தி வந்துவிடாது. பின்னால் ஆய்வகத்தில் அளந்தவர்கள் கண்டது: ஷூ ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் ஆக்சிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. அப்படியானால் ஒரு அவுன்ஸுக்கு 0.28 சதவீதம். நான்கு நிமிட மைலில், மிச்சமான சக்தி முழுதும் வேகமாக மாறினாலும் 0.7 விநாடிக்கு மேல் தேறாது.

ஆனால் 0.7 விநாடி என்பது முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்குமான வித்தியாசம். கிழவர் வழி தப்பு, விடை சரி.

12 ஆகஸ்ட், காலை 8.00

“முதலில் போட்டவர் நைட்தானே?” பவர்மன் கையால் தைத்த ஷூவை முதலில் மாட்டிய சோதனை எலி நைட் என்பது கம்பெனிக் கதை. ஓட்டிஸ் டேவிஸ் தானே முதலில் போட்டதாகக் கடைசிவரை சொன்னார். எனக்கு டேவிஸ் பக்கம் சாய்வு. காரணம் ஆதாரம் அல்ல, ஆள். பாஸ்கெட்பால் உதவித்தொகையில் வந்து, இருபத்தைந்தைத் தாண்டியபின் ஓட்டத்துக்கு மாறி, 1960 ரோமில் 400 மீட்டரை 44.9இல் ஓடித் தங்கம் வாங்கினவர். 45 விநாடிக்குள் உலகில் முதல் ஆள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

12 ஆகஸ்ட், இரவு 8.40

பயிற்சி முறை. இந்த இழையில் நான் எழுத விரும்பியது உண்மையில் இதுதான். ஷூவும் பணமும் வழியில் வந்தவை.

ஒன்று: கடினம் ஒரு நாள், இலகு ஒரு நாள். இன்று உள்ளூர் மாரத்தான் குழுகூட இதைச் சொல்கிறது. 1950களில் மற்ற கோச்கள் சிரித்தார்கள், தினமும் பிழிந்தெடுப்பதுதான் அப்போது வழக்கம். பவர்மன் பார்த்த விஷயம் எளிது: தசை பலப்படுவது ஓடும்போது இல்லை, ஓடிய பின் தூங்கும்போது. சிலருக்கு ஒரு கடின நாளுக்கு இரண்டு இலகு நாள் வேண்டும். அவருடைய மாணவர் கென்னி மூர் அப்படிப்பட்டவர். அவர் கேட்காமல் இலகு நாளிலும் திருட்டுத்தனமாக மைல் கணக்கில் ஓடினார். கோச் அவர் கழுத்தைப் பிடித்து மிரட்டி மூன்று வாரம் அடக்கிவைத்தார். அடுத்த 2 மைல் ஓட்டத்தில் தன் சிறந்த நேரத்தில் 20 விநாடிக்கு மேல் குறைத்தார் மூர். பின்னால் 1972 ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவது.

இரண்டு: ‘கோல் பேஸ்’, ‘டேட் பேஸ்’. இலக்கு வேகம், இன்றைய வேகம். ஒரு மாதிரிக் கணக்கு: ஒருவனுக்கு ஏப்ரலில் 4:00 மைல் வேண்டும். சுற்றுக்கு 60 விநாடி, அது இலக்கு. அக்டோபரில் அவனால் முடிவது 4:24, சுற்றுக்கு 66, அது இன்றைய வேகம். மாதம் ஒரு விநாடி இறக்க வேண்டும்: நவம்பர் 65, டிசம்பர் 64, ஜனவரி 63, பிப்ரவரி 62, மார்ச் 61, ஏப்ரல் 60. நீள இடைவெளிப் பயிற்சிகள் இன்றைய வேகத்தில். சின்னத் துண்டுகள் (110, 220 கஜம்) மட்டும் இலக்கு வேகத்தில், அந்தத் தாளம் காலுக்குப் பழக.

எங்கே கெடும்? பையன் நவம்பரிலேயே 61இல் ஓடிக் காட்டுவான். கோச்சுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஜனவரியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி, மார்ச்சில் ஆள் பெஞ்சில். தடுக்க ஒரே வழி ஸ்டாப்வாட்ச்: மெதுவாக ஓடினால் திட்டுவதோடு, வேகமாக ஓடினாலும் திட்ட வேண்டும். அதற்கு மனசு வராத கோச்சுக்கு இந்த முறை உதவாது.

மூன்று: 30/40. 200 மீட்டர் 30 விநாடி, அடுத்த 200 மீட்டர் 40 விநாடி, நிற்காமல் மாற்றி மாற்றி. சுற்றுக்கு 70. கேட்கச் சுலபம். 40 என்பது நடை இல்லை, அதுவும் ஓட்டமே. மூச்சு வாங்க இடம் கிடைக்காது. 30 எப்போது 31 ஆகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். வீம்புக்கு இன்னும் இரண்டு சுற்று போனால் நாளைய இலகு நாள் வீண், அதற்கடுத்த கடின நாளும் வீண்.

12 ஆகஸ்ட், இரவு 9.15

இந்த முறையின் விளைச்சலுக்கு ஒரே ஒரு எண். 1962 மே, ஃப்ரெஸ்னோவில் 4×1 மைல் ரிலே. சான் ரோமானி, ரீவ், ஃபோர்மன், பர்லெசன். 16:08.9, உலக சாதனை. சராசரி 4:02.2. நான்கும் ஒரே காலேஜ் பையன்கள். முறியடித்தது நியூசிலாந்து தேசிய அணியின் சாதனையை.

அந்த வருடக் கடைசியில் பவர்மன் நியூசிலாந்து போனார். அங்கே அந்நாட்டு ஓட்டக் கோச் ஆர்தர் லிடியார்ட் ஞாயிறு காலையில் ஊர் மக்களை மெதுவோட்டத்துக்குக் கூட்டிப் போவார். 51 வயது பவர்மனால் எழுபதைத் தாண்டிய, இதய நோய் கண்ட ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ரோஷத்தோடு ஊர் திரும்பி ஹேவர்ட் ஃபீல்டில் பொதுமக்களுக்கு ‘ஜாகிங்’ வகுப்பு நடத்தினார். வந்த கூட்டத்தைப் பார்த்து யாராவது மாரடைப்பில் விழுந்துவிடுவார்களோ என்று பயந்து நிறுத்தி, ஒரு இதய மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு படிப்படியான அட்டவணை தயாரித்தார். 1967இல் அது புத்தகமாக வந்தது. மெரினாவில் காலையில் ஜாகிங் போகிறவர் காலிலும் அந்த ஊர் மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

13 ஆகஸ்ட், மதியம் 12.30

நேற்று பவர்மனை ரொம்பத் தூக்கிவிட்டேன் என்று ஒருவர் கடிந்துகொண்டார். நியாயம். நீராவி அறையில் சாவிக்கொத்தைச் சூடாக்கிப் புதுப் பையன்கள் தொடையில் வைப்பதை அவர் வேடிக்கை என்று நினைத்தார். இன்று அப்படிச் செய்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும்.

13 ஆகஸ்ட், இரவு 10.05

ப்ரீ. ஸ்டீவ் ப்ரீஃபான்டெய்ன், 1951இல் கூஸ் பே என்ற மரக்கடை ஊரில் பிறந்தவர். நான்கு வருடமும் (1970–73) என்சிஏஏ 5000 மீட்டர் பட்டம், மூன்று கிராஸ்கன்ட்ரி (தடத்துக்கு வெளியே புல், மண், மேட்டில் ஓடுவது) பட்டம். ஹேவர்ட் ஃபீல்டில் தோற்றது மூன்றே ஓட்டம், மூன்றும் மைல். அவற்றில் ஒன்று 1973 ஜூனில், மேற்குப் பக்க கேலரியைப் புதுப்பிக்க நிதி திரட்டிய மீட்டில். டேவ் வாட்டில் 3:53.3, ப்ரீ 3:54.6. தன் மைதானத்துக்குக் காசு சேர்க்க, தனக்கு ஒத்துவராத தூரத்தில் உலகின் சிறந்த ஆளைக் கூப்பிட்டு ஓடித் தோற்றார். தோற்ற நேரமே அவருடைய வாழ்நாள் சிறந்த மைல்.

1972 மியூனிக்கில் 5000 மீட்டரில் நான்காவது. கடைசி மைலை அவர்தான் இழுத்தார். கடைசி மீட்டர்களில் இயன் ஸ்டீவர்ட் தாண்டிப் போய் வெண்கலத்தைப் பறித்தார்.

1975 மே 29 மாலை ஹேவர்ட் ஃபீல்டில் 5000 மீட்டரை 13:23.8இல் வென்றார். நள்ளிரவுக்குப் பின் கார் கவிழ்ந்து இறந்தார், வயது 24. ஒன்பது நாள் கழித்து நடக்க வேண்டியிருந்த ‘பவர்மன் கிளாசிக்’ போட்டிக்கு ‘ப்ரீஃபான்டெய்ன் கிளாசிக்’ என்று பேர் மாற்றினார்கள். இன்றுவரை அதே பேர். கார் மோதிய பாறையில் இன்றும் ஓடுகிறவர்கள் மெடல், நம்பர் சீட்டு, பழைய ஷூ வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லைச்சாமிக்குக் குதிரை வைப்பது போலத்தான்.

14 ஆகஸ்ட், காலை 7.10

ப்ரீ குறிப்பில் பிழை. நான்கும் 5000 மீட்டர் அல்ல. 1970, 1971, 1973 மூன்றும் 3 மைல். 1972 மட்டும் 5000 மீட்டர், ஒலிம்பிக் வருடம் என்பதால் மெட்ரிக். 3 மைல் என்பது 4828 மீட்டர், 172 மீட்டர் குறைவு. அந்தக் கால நேரங்களைப் பார்த்து “அடேயப்பா 5000 இவ்வளவு வேகமா” என்று குதிப்பவர்கள் தூரத்தையும் பார்க்கவும். நானும் குதித்திருக்கிறேன்.

14 ஆகஸ்ட், இரவு 9.50

“ஆண்கள் கதையாகவே போகிறதே அண்ணா” என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஆமாம். பவர்மன் தன் பிள்ளைகளை ‘ஒரிகனின் ஆண்கள்’ என்றே அழைப்பார், அந்தப் பேரிலேயே பாதி வரலாறு வெளியே நின்றுவிடுகிறது.

பெண்கள் கிராஸ்கன்ட்ரிப் பட்டம் 1983, 1987. வெளிமைதானப் பட்டம் 1985. ஆனால் சொல்ல வேண்டியது 2017 ஜூன். ஹேவர்ட் ஃபீல்ட், கடைசிப் போட்டி 4×400 ரிலே. முந்தின நவம்பரில் கிராஸ்கன்ட்ரி, மார்ச்சில் உள்ளரங்கம் இரண்டையும் ஒரிகன் பெண்கள் வென்றாயிற்று. இதையும் வென்றால் ஒரே கல்வியாண்டில் மூன்று, எந்தப் பெண்கள் அணியும் அதுவரை செய்யாதது. ரிலேக்கு முன் ஒரிகன் 54 புள்ளி, ஜார்ஜியா 62.2. முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 8. இரண்டாவது வந்தால் 62, பட்டம் 0.2இல் போகும். கடைசிச் சுற்று ரேவன் ராஜர்ஸ். 3:23.13, கல்லூரி சாதனை, 64 புள்ளி.

அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்றால், தாண்டுதல் போட்டிகளில் சமநிலை வந்தால் அந்த இடங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பங்கு போடுவார்கள்; அதனால் வரும் பின்னம். ஹேவர்ட் ஃபீல்டின் புதுக் கோபுரத்தில் ராஜர்ஸ் படம் ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை இது.

இன்னொரு பக்கமும் எழுதினால்தான் கணக்கு நேர். 2021இல் இதே அணியின் வீராங்கனைகள் பலர், உடல் கொழுப்பை ஸ்கேன் செய்து எண்ணாகத் துரத்தியதில் உடலும் மனசும் கெட்டதென்று பத்திரிகையிடம் சொன்னார்கள். மாதம் ஒரு விநாடி என்ற பொறுமை எங்கே, சதவீதம் துரத்துவது எங்கே.

16 ஆகஸ்ட், மாலை 6.30

கூட்டம் பற்றி எழுதாமல் விட்டால் முதல் கேள்விக்குப் பதில் முடியாது.

பழைய கிழக்கு கேலரி 1925இல் எழுந்தது, மரம். கூரையும் தாழ்வு. நேர்கோட்டில் ஓடுகிறவனுக்கு ஏற்ப ஆயிரக்கணக்கானோர் பலகையில் காலைத் தட்டினால் சத்தம் கூரையில் பட்டுத் தடத்துக்கே திரும்பும். ஜெயித்தவர் ஒரு சுற்று வந்து கும்பிடு போடும் வழக்கமும் இங்கே உண்டு. அந்தக் கூட்டத்தை உருவாக்கியது ஒலிம்பிக் தேர்வுகள் அல்ல, ‘டூயல் மீட்’. இரண்டு காலேஜ், ஒரு சனிக்கிழமை மதியம். தனிப்போட்டிக்கு 5-3-1, ரிலேக்கு 5-0. பள்ளிப் பிள்ளைகூடக் கையிலிருக்கும் தாளில் கூட்டிப் பார்க்கலாம். குண்டு எறிதலில் மூன்றாவது வந்து ஒரு புள்ளி எடுத்தவனுக்கும் கைதட்டல், ஏனென்றால் அந்த ஒரு புள்ளியில் முடிவு தொங்கும். அதனால்தான் யூஜீன்காரருக்கு வட்டெறிதலும் பார்க்கத் தெரியும்.

டூயல் மீட் தேய்ந்ததற்குக் காரணம் இரண்டு. ஆண்கள் அணிக்குப் பல காலம் 12.6 முழு உதவித்தொகைதான் (பெண்களுக்கு 18). அதைத் துண்டு போட்டு இருபது போட்டிகளுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்பதால், கோச் தேசியப் புள்ளி வரும் நான்கைந்து போட்டிகளில் பணத்தைக் குவித்து மற்றதைக் காலியாக விட்டார். காலி இடத்தோடு டூயல் மீட் ஜெயிக்க முடியாது. இரண்டாவது, மண்டலத் தகுதிக்கு ஒரு போட்டிக்கு முதல் 48 நேரங்கள். பிள்ளைகள் புள்ளியை விட்டு நேரத்தைத் துரத்தி வேகத் தடம் உள்ள ஊருக்குப் போகிறார்கள். 2025இல் உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு 45 பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. டூயல் மீட் திரும்பும் என்று சிலர் நம்புகிறார்கள். எனக்கு நம்பிக்கை குறைவு, இரண்டாவது காரணம் அப்படியே இருக்கிறதே.

16 ஆகஸ்ட், இரவு 8.00

சில்லறைகள்.

“ஃபாஸ்பரி ஃப்ளாப் (முதுகு கீழே இருக்க உயரம் தாண்டும் முறை) அங்கேதானே பிறந்தது?” இல்லை ஐயா, ஃபாஸ்பரியின் காலேஜ் ஒரிகன் ஸ்டேட், கார்வாலிஸ். பக்கத்து வீடு, பங்காளி வீடு. இரண்டையும் குழப்பினால் இரு தரப்பும் அடிக்க வரும். ஃபாஸ்பரி பள்ளி படித்த மெட்ஃபோர்ட் ஊரில் பவர்மன் முன்னொரு காலத்தில் கோச். அவ்வளவுதான் உறவு.

பல்கலைக்கழகத்தின் வாத்துச் சின்னம் டொனால்ட் டக்கிலிருந்து வந்ததுதான். 1947இல் விளையாட்டு இயக்குநர் லியோ ஹாரிஸும் வால்ட் டிஸ்னியும் கைகுலுக்கிப் பேசி முடித்தது, காகிதம் கிடையாது. டிஸ்னி இறந்தபின் கம்பெனி ஆதாரம் கேட்க, இருவரும் நிற்க, வாத்துப் படம் போட்ட சட்டை தெரியும் ஒரு போட்டோதான் கைகொடுத்தது. 1973இல் எழுத்து ஒப்பந்தம்.

முதல் என்சிஏஏ பாஸ்கெட்பால் பட்டமும் ஒரிகனுக்கே: 1939, ஓஹையோ ஸ்டேட்டை 46–33. பாஸ்கெட்பால்காரர்கள் தனி இழை தொடங்கவும்.

17 ஆகஸ்ட், இரவு 10.40

இடிப்பு விஷயத்துக்கு வருகிறேன் என்றேன்.

2018 கோடையில் கிழக்கு கேலரி போயிற்று. எதிர்ப்பு இருந்தது, எடுபடவில்லை. 2020இல் புது அரங்கம், 12,650 நிரந்தர இருக்கை, பெரும்பணம் ஃபில் நைட் தம்பதியினுடையது. கோபுரத்தில் பவர்மன், ப்ரீ, டேவிஸ், ராஜர்ஸ், டெகாத்லான் (பத்துப் போட்டி) வீரர் ஆஷ்டன் ஈட்டன் முகங்கள். பெரிய பில் ஹேவர்ட் பேர் வாசலில் இருக்கிறது, முகம் கோபுரத்தில் இல்லை.

தடம் நல்ல தடம். 2023 செப்டம்பரில் ‘பவர்மன் மைல்’: இங்கப்ரிக்ட்சன் 3:43.73, நுகூஸ் 3:43.97. சிட்னி மெக்லாஃப்லின் 400 மீட்டர் தடை ஓட்ட உலக சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தது இங்கேதான். ஆனால் 2022இல் உலகப் போட்டிக்கே பல அமர்வுகளில் காலி இருக்கைகள் தெரிந்தன. நாற்காலி காசுக்குக் கிடைக்கும். மூன்றாமிடத்துக்குக் கைதட்டத் தெரிந்தவரை அந்தச் சனிக்கிழமைகள்தான் உட்கார்த்தி வைத்தன.

ஆகவே தம்பி, உங்கள் கேள்வியில் பாதிக்கு ‘ஆம்’. கட்டடம் நைக்கிப் பணம். உலகப் போட்டி வந்ததிலும் அதன் செல்வாக்கு உண்டு. வரக் காரணமான பேர் மட்டும் சாம்பலில் கிடைத்தது.

18 ஆகஸ்ட், காலை 6.55

ஒருவர் தனியாகக் கேட்டது, பலருக்கு உதவும். ‘ஒரிகனின் முதல் நான்கு நிமிட மைல் 3:58.6’ என்று இரண்டு இடத்தில் இரண்டு பேரோடு வருகிறதே, எது சரி? இரண்டும் சரி. ஒரிகனில் படித்த ஆஸ்திரேலியர் ஜிம் பெய்லி, 1956 மே 5, லாஸ் ஏஞ்சலஸ், 3:58.6. அமெரிக்க மண்ணில் நான்கு நிமிடத்துக்குள் முதல் மைல். ஜான் லாண்டி 3:58.7இல் இரண்டாவது. பர்லெசன், 1960 ஏப்ரல், ஹேவர்ட் ஃபீல்ட், அதே 3:58.6. அந்த மைதானத்தில் அது முதல். தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாரும் திருத்திவிட வேண்டாம்.